ஏழாவது கட்டத்துச் சிரிப்பு

ஏழாவது கட்டத்தில்தான் சிவானுஜா மாட்டிக்கொண்டாள்.

நூறு வருடத்துக்கு முந்திய கறுப்பு அமெரிக்கக் கவிதை ஒன்றை அவள் சித்திரக்கதையாக்கிக்கொண்டிருந்தாள். ரயிலில் உணவு பரிமாறும் ஒரு மனிதர், சொல்ல நினைப்பதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புத்தான் வரவில்லை. சூரிச்சில் இருக்கும் பதிப்பாசிரியை மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பிவிட்டார். "உங்கள் ஆள் உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேறு ஓவியரைத்தான் பார்க்கவேண்டும்."

அது அவளுடைய முதல் புத்தகம். இதற்காகத்தான் போன வருடம் பாங்க் வேலையை விட்டாள். கேக் வாங்கிவந்து அதை வீட்டில் அறிவித்த அன்று அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்தபடி, "உன்ர விருப்பம், பிள்ளை" என்றார். சோர்ந்துபோகும்போதெல்லாம் அவள் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

இப்போதும் அப்பாவையே பிடித்தாள். பாலச்சந்திரன் பக்கத்துப் பாடன் நகரில் ஒரு ஹோட்டலில் இருபத்தெட்டு வருடமாகச் சாப்பாடு பரிமாறுகிறவர்.

"முகம் வேண்டாம் அப்பா. உங்கட சிரிப்பை மட்டும் தாங்கோ."

அவர் சவரம் செய்து, சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து, சுவரோடு நிமிர்ந்து நின்றார்.

"என்னப்பா, வதிவிட பெர்மிட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி நிக்கிறியள்?"

"கமராவைக் கண்டால் எனக்கு அது ஒண்டுதான் வரும்."

கையில் ஏதாவது இருந்தால் இயல்பாக இருக்கும் என்று ஒரு தட்டத்தைக் கொடுத்தாள். வெறும் தட்டம் வடிவில்லை என்று அம்மா கஜலக்சுமி நாலு கப் தேநீர் வைத்தாள். அவருடைய கண் தேநீரை விட்டு அசையவில்லை.

"என்னைப் பாருங்கோ அப்பா."

பார்த்தார். தட்டம் சரிந்தது. ஏற்கெனவே சரியென்று வந்திருந்த ஆறாவது கட்டமும் தேநீரில் நனைந்து போயிற்று.

"சரி, உங்கட ஷெஃப் ஏசினதை நினையுங்கோ."

நினைத்தார். ஷெஃப் தன் கண்ணாடியைச் சூப்புக்குள் விழுத்திவிட்டு, அரை மணித்தியாலம் எல்லாரையும் ஏசிக்கொண்டு தேடியது ஞாபகம் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலைக்கு நேரமாகி பஸ்ஸுக்கு ஓடும்போதும் சிரித்துக்கொண்டேதான் ஓடினார்.

சிவானுஜாவுக்கு அழுகை வந்தது. "எல்லாம் போச்சு, அம்மா."

"பொறு. என்ர போனிலை ஒரு படம் கிடக்கு. இது சரிவருமோ பார்." அப்பாவின் முகத்தை மட்டும் அம்மா பெரிதாக்கிக் காட்டினாள்.

உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. சிவானுஜா அப்படியே இருந்து வரைந்தாள். ரயில்காரருடைய கறுத்த முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தபோது அவருக்காக அவளுடைய நெஞ்சு கனத்தது.

அனுப்பிப் பத்து நிமிடத்தில் பதிப்பாசிரியை தொலைபேசியில் வந்தார். "இதுதான். உள்ளே அழுகிறார், எதிரில் நிற்பவருக்குத் தெரியக்கூடாதென்று சிரிக்கிறார். புத்தகத்தை நீங்களே முடியுங்கள்."

சந்தோஷத்தோடு கோபமும் வந்தது சிவானுஜாவுக்கு. "அப்பாவை இப்பிடி நோகப்பண்ணினது ஆர், அம்மா? அந்த ஷெஃபோ?"

கஜலக்சுமி மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சீ, அது எங்கட வீட்டிலை, நீ பாங்க் வேலையை விட்டிட்டன் எண்டு கேக் வெட்டேக்கை நான் எடுத்தது."