தேய்க்கத் தேய்க்க மச்சான்

இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் லிஃப்ட் மெக்கானிக் எடுத்த முதல் வீர முடிவு இது: மனைவி புதிதாகச் செய்யும் தங்கள் கல்யாண ஆல்பத்தில் மச்சான் இருக்கக் கூடாது. ஒரு பக்கத்தில்கூட!

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆள் ஆறடி. எந்தப் போட்டோவிலும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் புகுந்து, "மாப்ளே, கொஞ்சம் தள்ளுங்க, நானும் விழணுமில்ல?" என்பார், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டிய குரலில். மாப்பிள்ளை தள்ளுவார். தள்ளித் தள்ளி, தேனிலவுப் படத்தில் அவருடைய இடது காது மட்டும்தான் மிஞ்சியது. ஆமாம், தேனிலவுக்கும் மச்சான் வந்திருந்தார். வழி காட்டவாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கல்யாணப் படங்களின் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ். மனைவி ஒவ்வொரு படத்தின் மேலும் அகலமான பார்சல் டேப்பை ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தி, தண்ணீர்த் தட்டில் போட்டாள்.

"ஏம்மா, என்னை எதுக்கு முக்கறே?"

"ஊறட்டும். அப்புறம் பின்பக்கக் காகிதத்தை விரலால தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துடணும். மை டேப்புலயே நின்னுடும். கண்ணாடி மாதிரி படம் வரும். அதை ஆல்பத்துல ஒட்டுவேன்."

"அவ்வளவுதானா?"

"நகம் மட்டும் படக் கூடாதுங்க. பட்டா மையும் உரிஞ்சு வந்துடும். ஆளே அம்பேல்!"

மெக்கானிக்கின் மூளைக்குள் ஒரு லிஃப்ட் 'டிங்' என்று மொட்டைமாடியில் போய் நின்றது.

"நீ ஏன் கஷ்டப்படணும்? நான் தேய்க்கிறேன்."

"நீங்களா? குடிச்ச டம்ளரையே தேய்க்க மாட்டீங்க!"

"டம்ளர் வேற, வாழ்க்கை வேற!"

"பதினெட்டுப் படம். விரல் தேஞ்சுடும்."

"தேயட்டும்!"

"எங்கண்ணன் முகம் பத்திரம்."

"உங்கண்ணனை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மனைவி உள்ளே போனதும் கட்டைவிரல் நகம் களத்தில் இறங்கியது. "மச்சான், கொஞ்சம் தள்ளுங்க!" என்று மச்சான் குரலிலேயே சொல்லிச் சொல்லிச் சுரண்டினார். மூக்கு போச்சு. மீசை போச்சு. பல்வரிசை போச்சு, அதற்கு மட்டும் இரண்டு நிமிடம் பிடித்தது. தன் காது வந்தபோது, பச்சைக் குழந்தைக்குத் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

நாலு மணி நேரம். விரலெல்லாம் உலர்ந்த திராட்சை. பதினெட்டுப் படத்திலும் மச்சானுக்குக் கழுத்து வரைதான் உடம்பு. அதற்கு மேலே வெறும் டேப், பளிச்சென்று.

மனைவி ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அடடா! அண்ணன் முகம் எங்கேங்க?"

"அது... கை தவறி நகம் பட்டுடுச்சு."

"பதினெட்டுலயுமா?"

"என் கை ஒரு தடவை தவற ஆரம்பிச்சா நிக்காதும்மா."

அவள் கோபப்படவில்லை. மெக்கானிக் நாற்காலியோடு இரண்டடி பின்வாங்கினார். ஆல்பத்தைத் திறந்தாள். பக்கத்துக்கு ஒன்றாக மச்சானின் முகம், அளவெடுத்து வெட்டி, ஏற்கெனவே ஒட்டியிருந்தது. முழுக் கலரில்! டேப் படத்தை அதன் மேல் வைத்து நீவினாள். கருப்பு வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே மச்சான் செக்கச்செவேலென்று பல்லைக் காட்டினார்.

"இ... இதை எப்ப ஒட்டினே?"

"போன வாரம். அண்ணன் மட்டும் கலர்ல தெரியணும்னு ஆசை. அதுக்கு அவர் முகத்தை மட்டும் மை துளிகூட இல்லாம சுரண்டணும். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை?"

"அதை என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா இவ்வளவு ஆசையா சுரண்டியிருப்பீங்களா?"