உலகத்தைக் காப்பாற்றப் போன கள்ளன்

கைதட்டல் சத்தம் கேட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமே இல்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் இருபத்துநாலு வயதிலேயே, ஸ்கந்தபுரத்தில், ஒரு நவராத்திரி வாணிவிழா மேடையில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு லண்டனில் இருந்த ஊர்க்காரர் ஒருவர், ரீவியில் பூட்டி விளையாடும் பழைய கேம் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தார். அதனுடன் வந்தது ஒரேயொரு சீடி. ஜப்பான்காரர் செய்த பழைய கேம். ஒரு பொடியன் மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, உலகத்தை அழிக்க வந்த அரக்கனைத் தேடிப் போகிறான். அடிதடியை விட வாசிப்பும் நடையும்தான் அதிகம். நிலையம் இரண்டாகப் பிளந்தது. நானும் என் கூட்டாளி கஜனும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். கிரிக்கெட் பார்க்க ரீவி கிடைக்காத கோஷ்டி தலையிலடித்துக்கொண்டது.

“ஒருத்தன் அடிச்சு முடியுமட்டும் மற்றவன் பேசாமல் நிக்கிறான். உது சண்டையோ, சங்கக்கடைக் கியூவோ?” என்று கேட்பான் அந்தக் கோஷ்டியின் தலைவன் றஜீவன்.

பெட்டியை வைத்திருப்பதா, ஆசைப்பட்டுக் கேட்ட தண்ணீரூற்று நிலையத்துக்குக் கொடுத்துவிடுவதா என்று கூட்டம் போட்டோம். கைகள் சரிபாதியாக உயர்ந்தன. தலைவியாக இருந்த வதனி ரீச்சர் (முன்பள்ளிப் பிள்ளைகளையும் எங்களையும் ஒரே குரலில்தான் அதட்டுவார்) ஒரு வழி சொன்னார்.

“வாணிவிழாவில பட்டிமன்றம் வைப்பம். சனத்தின்ர கைதட்டைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லுறன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.”

நானும் கஜனும் எட்டு மாதமாக மாறிமாறி விளையாடி, அந்த அரக்கனின் கோட்டை வாசலில் வந்து நின்றோம். அந்த எட்டு மாதமும் பெட்டிக்குள்ளேதான் பதிந்திருந்தது. பெட்டி போனால் எல்லாம் போச்சு.

விழாவன்று பின்னேரம் றஜீவன் வரவில்லை. வயலுக்கு உழவு மெஷின் வந்துவிட்டதாம். வதனி ரீச்சர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, எதிரணிக்கு ஆளில்லை. நல்லாப் பேசுறது நீதான். நீ அங்கால போய் இரு.”

“ரீச்சர், நான் இந்தப் பக்கம் எல்லோ...”

“பட்டிமன்றமெண்டால் எந்தப் பக்கமும் பேசத் தெரிய வேணும். போ.”

மேடைக்குப் பின்னால் கஜனோடு ஒப்பந்தம் செய்தேன். “நான் ரெண்டு நிமிசம் உளறிப்போட்டு வந்து இருக்கிறன். நீ வெளுத்து வாங்கு” என்றேன்.

கஜன்தான் முதலில் பேசினான். பாவம், உருகிப் பேசினான். “இந்தக் கதையில நாலு பேரும் கடைசி வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கைவிடேல்லை. கூட்டாளியெண்டால் அப்பிடி இருக்க வேணும்” என்று என்னைப் பார்த்தே சொன்னான். நானும் தலையாட்டினேன்.

பிறகு நான் எழுந்தேன். உளறத்தான் எழுந்தேன், சத்தியமாக.

“இந்த வீரன் என்ன செய்யிறான்? கேட்டுக் கேள்வியில்லாமல் ஆரின்ரையோ வீட்டுக்குள்ள நுழையிறான். அலுமாரியைத் திறக்கிறான். உள்ளதைச் சுருட்டுறான். வீட்டுக்காரன் பக்கத்தில நிண்டு, வடக்கால ஒரு குகை இருக்கு தம்பி எண்டு வழி சொல்லுறான்.”

சனம் சிரித்தது. முன்வரிசையில், போன மாதம் கோழி களவு கொடுத்த அன்ரி ஒருவர் கையைத் தட்டினார். அவ்வளவுதான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஒப்பந்தம், கஜன், எட்டு மாதம் எல்லாம் காற்றில் பறந்துவிட்டன.

“கேம் தொடங்கேக்க தாய் எழுப்பி, சாப்பாடு குடுத்து அனுப்புறா. உலகம் முழுக்கச் சுத்துறான், கப்பலில போறான், பறக்கவும் செய்யிறான். பெத்த தாயை ஒருக்காவது வந்து பார்த்தவனோ? உலகத்தைக் காப்பாத்துறாராம். முதல்ல வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுக்கட்டும்.”

பந்தல் அதிர்ந்தது. தாய்மார் எழுந்து நின்று தட்டினார்கள். என் அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். (நிலையத்தில் கூட்டம், வர நேரமாகும் என்று எட்டு மாதமாக இந்த அம்மாவிடம்தான் புளுகிக்கொண்டிருந்தேன்.) இரண்டு நிமிடம் பேச வேண்டியவன் இருபது நிமிடம் பேசினேன். மணியடித்தும் நிறுத்தவில்லை. கடைசியில் கும்பிட்டு, மற்றப் பக்கம் திரும்பி இன்னொரு முறை கும்பிட்டபோதுதான் கஜனின் முகத்தைக் கண்டேன். அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

“தீர்ப்புச் சொல்லவே தேவையில்லை” என்றார் வதனி ரீச்சர். மறுநாள் காலை பெட்டி பஸ் ஏறியது.

இரண்டு கிழமை கழித்து, வெட்கத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பரந்தனில் பஸ் பிடித்துத் தண்ணீரூற்றுக்குப் போனேன். என் பேச்சு வீடியோவாக எனக்கு முன்னமே அங்கே போயிருந்தது. நிலைய வாசலில் நின்றவன் அன்போடு மறித்தான்.

“அண்ணை, உது கள்ளன்ர கதை. உங்களை மாதிரி ஆக்கள் விளையாடலாமோ? வீட்டை போய் அம்மாவைப் பாருங்கோ.”

உள்ளே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்கள், குறை சொல்லக் கூடாது.

கஜனை அவர்கள் மறிக்கவில்லை. அவன் அங்கே தன் சித்தி வீட்டில் சனி ஞாயிறு தங்கி, நாங்கள் விட்ட இடத்திலிருந்தே விளையாடி முடித்துவிட்டான். என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. (முடிவை இணையத்தில் பார்க்கலாமே என்பீர்கள். மாட்டேன். கோட்டை வாசல் வரை நடந்தே போனவன் நான். உள்ளேயும் நானாகத்தான் போவேன்.)

பிறகு என் கலியாணத்துக்கு வந்தான். பரிசு கிரிசு ஒன்றும் கொண்டுவரவில்லை. நேரே மணவறைக்கு வந்து, மணப்பெண்ணாக இருந்த நிஷாவின் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அவன் சொன்னது அந்தக் கேமின் முடிவை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த வாதத்திலாவது என் கை கொஞ்சம் ஓங்கினால் போதும், நிஷா நிதானமாகக் கேட்பாள். “இஞ்சருங்கோ, அந்த அரக்கன் உண்மையில ஆரெண்டு சொல்லட்டோ?” நான் உடனே வாயை மூடிக்கொள்வேன். கலியாணம் கட்டி ஏழு வருடம், இன்னும் ஒன்றில்கூட வென்றதில்லை.

இப்போது ஐந்து வயது மகளும் பழகிவிட்டாள். “அப்பா, ஐஸ்கிறீம் வாங்கித் தாறீங்களோ, முடிவைச் சொல்லட்டோ?” என்கிறாள். அவளுக்கு உண்மையில் முடிவு தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கும் துணிவு இல்லாததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன்.