என்னை நான்தான் என்று சொல்ல ஓர் ஆள்

பீர்மேட்டில் மகள் வீட்டோடு இருக்கும் மச்சினன் நல்லமுத்துவுக்கு, மீனாட்சிபுரம் நஞ்சப்பன் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அக்காள் நாச்சம்மாள், இரண்டு எருமை எல்லாரும் சுகம். அங்கே மூடுபனியில் உன் இருமல் எப்படி? எழுதித் தருவது பள்ளிக்கூடத்து ரோசி டீச்சர். பிழை இருந்தால் அவரைச் சேரும்.

ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, நம் ஸ்டேஷன் தண்டவாளத்தில் வெள்ளாடு மேய்ந்ததே, அந்த வருடம் ஆடியில்தான் நிலத்துக்குப் பட்டயம் கொடுக்கும் ஆபீசுக்குக் கல்பாத்தி வெங்கிடாசலம் ஐயர் மாற்றலாகி வந்தார். அதுவரை பியூன் சூசையப்பன் பைல்களுக்கு ஆளைப் பார்த்துப் பேர் வைத்திருந்தான். கடுக்கன் நஞ்சப்பன், ஒத்தப்பனை நஞ்சப்பன் என்று கூப்பிட்டால் பைல் வந்துவிடும். ஐயர் சுவர் அகலத்துக்குக் கட்டம் போட்ட தாள் ஒட்டினார். இடது ஓரத்தில் ஆள் பேர், மேல் வரிசையில் அப்பன் பேர், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு நம்பர். அந்த நம்பர்தான் இனி பைலுக்குப் பேர். "மூளையே வேண்டாம் ஓய், கட்டம் பார்த்தால் போறும்" என்றார். மூளை வேண்டாம் என்றதும் சூசையப்பனுக்குச் சந்தோஷம், இரண்டே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிவிட்டான்.

முதல் பேரனுக்குத் தாத்தன் பேர் வைப்பது நம் வழக்கம். எங்கள் நிலத்தை முதலில் குத்தகைக்கு எடுத்த என் தாத்தனும் கந்தப்பன் மகன் நஞ்சப்பன், நானும் கந்தப்பன் மகன் நஞ்சப்பன். இரண்டு பேருக்கும் ஒரே கட்டம், ஒரே நம்பர், ஒரே கட்டு. தாத்தன் பிளேக்கில் போனார். அந்தச் சாவுக் காகிதம் மேலே இருந்ததால் மொத்தக் கட்டையும் முடித்து வைத்துவிட்டார்கள். நாற்பது வருடமாக நான் உழுகிற நாலு ஏக்கரின் பட்டயம் அதற்குள்ளே கிடக்கிறது.

போய் நின்றேன். "சாமி, நா உசுரோட நிக்கறனுங்க."

"நிக்கறீர், சரி. எந்த நஞ்சப்பன் நிக்கறீர்?"

"பேரனுங்க. கைநாட்டு வெச்சிருக்கறனுங்களே, ஒத்துப் பாருங்க."

"கட்டத்தில் விரலுக்கு இடமில்லை ஓய்."

சூசையப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு, "செத்தவரு இத்தனை சத்தமா பேசமாட்டாருங்க" என்று எனக்காகப் பரிந்தான். ஐயர் அதற்கும் நம்பர் கேட்டார்.

கடைசியில் இறங்கி வந்தார். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்தவர், என் வீட்டில் சோறு தின்னாதவர் ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பத்தாம் தேதி வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் நிலம் பழையபடி, குத்தகை வாங்கிய ஜன்மி பேருக்கே போகும். அப்புறம் நானும் உன் அக்காளும் எருமையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

என் மகன் கல்யாணத்தில், தாய்மாமன் நீ இருக்க வேறொருவருக்கு முதலில் உருமால் தலைப்பாகை கட்டிவிட்டோம் என்று இருபது வருடமாக நீ எங்கள் வீட்டிலும் நான் உன் வீட்டிலும் கை நனைக்கவில்லை. தப்பு எங்களுடையதுதான். ஆனாலும் அந்தக் கோபத்தை இதுவரை விடாமல் காத்து வந்ததற்கு உனக்குக் கோடிப் புண்ணியம். இந்தச் சீமையில் சாட்சிக்குத் தகுதியான ஆள் நீ ஒருவன்தான். புதன்கிழமையே பஸ் ஏறிவிடு. உன் அக்காள், "அவன் வரட்டுமுங்க, கோழி அடிச்சுப் போடறேன்" என்று மொளகாய் அரைக்கிறாள். சாட்சி சொல்லி முடிக்கும்வரை வாயில் வைத்துவிடாதே.

உன் மக்களும் பேரப்பிள்ளைகளும் சளி காய்ச்சல் அண்டாமல் நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
நஞ்சப்பன் கைநாட்டு

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் ஐயரிடம் உன் பேரைச் சொல்லிவைத்தேன். கட்டம் பார்த்தார். பொங்கியண்ணன் மகன் நல்லமுத்துவும் செத்துப்போனாராம். அது உன் தாத்தன்தான் என்று சொன்னேன், கேட்கவில்லை. ஆகவே, நீ நீதான் என்று சொல்ல, சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்த்தவர், உன் வீட்டில் சோறு தின்னாதவர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். ராத்திரி முழுக்க எண்ணிப் பார்த்தேன். துரைசுவாமி வாத்தியார் போய்விட்டார். உன்னோடு மாடு மேய்த்த குருசாமி போன தையில் போனான். உன் பக்கத்து வீட்டு மருதாத்தாள் சித்திரையில். மிச்சம் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான் மாப்பிள்ளை: கந்தப்பன் மகன் நஞ்சப்பன்.