வானப் பரணின் முதல் வாடிக்கையாளர்

இனிமேல் இந்த வீட்டிலிருந்து ஒரு புகைப்படம்கூட அந்நியருடைய கிளவுடுக்குப் போகாது என்று நிறுவனர் சபதம் எடுத்தபோது, அவர் உடம்பில் தோள்பட்டை ஓட்டையான ஒரு பனியனும் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான் இருந்தன.

நிறுவனர் என்று அவரை அழைத்தது உலகத்தில் அவர் ஒருவர்தான். நாமும் அப்படியே அழைத்துவிட்டுப் போவோம். மனிதருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இணையதளங்கள் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். முதலாளி கிடையாது, அலுவலகம் கிடையாது, பல நாட்களில் வேலையும் கிடையாது. வேலையில்லாத நாட்களில் கருவிகள் செய்வார். இரண்டு சாம்பல் நிறங்களுக்கிடையே வித்தியாசம் உண்டா என்று சொல்லும் கருவி ஒன்று. மறந்துபோன கடவுச்சொற்களை ஞாபகப்படுத்தும் கருவி ஒன்று. அதற்குள் நுழையவே ஒரு கடவுச்சொல் வேண்டும். அதை அவர் மறந்துவிட்டார்.

இப்போது கிளவுட். மூடிப்போன ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர்களை அள்ளிவந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஊரார் தங்கள் படங்களையும் கோப்புகளையும் இணையம் வழியாக அதில் போட்டு வைத்துக்கொள்ளலாம். பெயர் வானப் பரண். அந்த அடுக்குக்குக் காற்று வேண்டும் என்பதால் வீட்டில் ஒரே ஒரு பெரிய ஜன்னல் இருந்த அறையைப் பிடித்தார்.

அந்த ஜன்னலடியில் அதுவரை மனைவியின் தையல் மெஷின் இருந்தது.

"ஏங்க, மெஷினை எங்க கொண்டுபோறீங்க?"

"நடையில போடுறேன். அங்க பல்பு இருக்கே."

"அந்தப் பல்பு போன மாசமே சிமிட்ட ஆரம்பிச்சிருச்சு. மாத்துங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்."

"பார்க்கலாம்."

"நாடகக் குழுக்காரங்க துணி குடுத்திருக்காங்க. எல்லாமே கறுப்பு. கறுப்புத் துணியில கறுப்பு நூல். பகல் வெளிச்சம் இல்லாம எப்படித் தைக்கிறது? ஜன்னல் இல்லேன்னா திருப்பிக் குடுக்கணும்."

"கறுப்புன்னா கறுப்புதானே? அதுல என்ன பாக்கறதுக்கு இருக்கு?"

இதைச் சொன்னவர் இரண்டு சாம்பல் நிறங்களுக்காக ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்தவர். மனைவி அவரைப் பார்த்தாள். கறுப்பிலும் எத்தனையோ கறுப்பு உண்டு. ஜன்னலோர வெளிச்சம் மெல்ல வந்து தொட்டால்தான் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று அவள் நடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாடிவீட்டுப் பல் டாக்டரிடம் நிறுவனர் வானப் பரணை விளக்கினார். டாக்டர் வாயைத் திறந்து கேட்டார். "உங்க வீட்ல கரண்ட் போச்சுன்னா என் எக்ஸ்ரேயெல்லாம் என்ன ஆகும்?" என்றார். நிறுவனர் வாயை மூடிக்கொண்டு இறங்கிவந்தார்.

குறை விளம்பரத்தில்தான் என்று தோன்றியது. வானப் பரணின் முகப்புப் பக்கத்தை எழுதி முடித்து, நடையில் ஊசியில் நூல் கோக்கத் தடவிக்கொண்டிருந்தவளிடம் வாசித்துக் காட்டினார்.

"வாடிக்கையாளர் சொல்லே எங்களுக்கு வேதம். எந்தக் கோரிக்கையானாலும் உடனடி நடவடிக்கை. எப்படி?"

"எந்தக் கோரிக்கையானாலுமா?"

"எதுவானாலும்."

"கேட்ட உடனே செஞ்சிருவீங்களா?"

"வாடிக்கையாளர் கேட்டா செய்யணும்மா. அதுதான் தொழில்."

"வாடிக்கையாளர்னா யாரு?"

"கணக்கு ஆரம்பிச்சவங்க. யார் வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். உள்ள என்ன வச்சிருக்காங்கன்னு நானே நினைச்சாலும் பார்க்க முடியாது. அப்படிப் பூட்டி வச்சிருக்கேன்!"

"நீங்களே பார்க்க முடியாதா?"

"முடியவே முடியாது."

"கெட்டிக்காரர்தான்," என்றாள் மனைவி. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்று சாயங்காலமே வானப் பரணுக்கு முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். 'சிட்டுக்குருவி' என்று பெயர் கொடுத்திருந்தார். கட்டுக்கட்டாகப் படங்கள் ஏறின. நிறுவனர் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"வந்துட்டாங்க! யாரோ வந்துட்டாங்க!"

"யாருங்க? சாப்பாட்டுக்கா?"

"வாடிக்கையாளர்!"

"அட! நல்லா கவனிச்சுக்கோங்க," என்று அவள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

கவனித்தார். எழுத்து சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்று சிட்டுக்குருவி எழுதியது. காபி ஆறுவதற்குள் எழுத்தைப் பெரிதாக்கினார். பின்னணி மங்கலாக இருக்கிறது என்றது. பளிச்சென்று ஆக்கினார். நடையில் பல்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்து, கம்ப்யூட்டர்கள் இருக்கும் இடத்தைப் படமெடுத்துப் போட்டால் மக்களுக்கு நம்பிக்கை வருமே என்றது சிட்டுக்குருவி. நிறுவனர் அறையைப் பெருக்கினார். கல்யாணமான பிறகு அவர் துடைப்பத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. படமெடுத்துப் போட்டார்.

பதில் பறந்துவந்தது.

'ஜன்னலோரமா வைத்திருக்கிறீர்கள்? வெயில், தூசி, மழைச் சாரல்! என் கல்யாணப் படங்கள் அதில் இருக்கின்றன. உடனே இடம் மாற்றுங்கள். இல்லையென்றால் கணக்கை மூடிக்கொண்டு போய்விடுவேன்.'

நிறுவனர் அதை இரண்டு முறை படித்தார். இந்த ஒரு குருவியும் பறந்துவிட்டால் அவர் வெறும் பனியன் போட்ட மனிதர். நடைக்கு ஓடினார்.

"என்னம்மா பண்றது? ஜன்னலோரம் கூடாதாம்!"

மனைவி மெஷினை நிறுத்தினாள். "அப்படியா எழுதியிருக்காங்க?"

"மிரட்டுறாங்க!"

"மிரட்டலாங்க அது? பதற்றம். கல்யாணப் படமாச்சே. பாவம், அவங்க சொல்றதும் நியாயந்தானே? சாரல் அடிக்கத்தான் செய்யுது."

"வேற இடம் ஏது இந்த வீட்ல?"

அவள் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். "பரண் இருக்கு. சாரலும் வராது, வெயிலும் வராது. பழைய சாமானெல்லாம் நேத்துதான் ஒழிச்சேன். துடைச்சும் வச்சிருக்கேன். காத்துக்குத் துவாரம் இருக்கு, பிளக் பாயின்ட்கூட பக்கத்துலயே இருக்கு."

"நேத்தேவா?"

"என்னமோ தோணுச்சு."

நிறுவனர் ஏணி ஏறினார். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, வாடிக்கையாளர் சொத்து," என்றாள். கம்ப்யூட்டர்களின் தூசி மீசையாக ஒட்டிக்கொள்ள, கடைசி ஒன்றையும் ஏற்றிவிட்டு இறங்கினார். ஜன்னலறை வெறிச்சென்று கிடந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உன் மெஷினை வேணும்னா அங்க போட்டுக்கோயேன். சும்மாதானே கிடக்கு."

"போட்டுக்கவா?"

"நான்தான் சொல்றேனே!" தாராளமாகக் கையை வீசினார். அவரே தூக்கிக் கொண்டுபோயும் வைத்தார்.

நாடகக் குழுவின் துணிகள் தைத்து முடிந்து போயின. வானப் பரணுக்கு வேறு யாரும் வரவில்லை. ஒருவர் சொன்னால் பத்துப் பேர் வருவார்கள் என்று நிறுவனர் நம்பினார். ஆகவே சிட்டுக்குருவிக்குப் பணிவாக எழுதினார்: 'எங்கள் சேவையைப் பற்றி இரண்டு வரி எழுதி, தங்கள் பணியிடத்தின் படம் ஒன்றும் அனுப்ப இயலுமா? முகப்பில் போட்டுப் பெருமைப்படுவோம்.'

உடனே வந்தது. 'சொன்னதைச் செய்கிறார்கள். இதற்கு முன் நான் அறியாத அனுபவம்.' கீழே படம். பெரிய ஜன்னல். சரிந்து விழும் வெயில். ஒரு தையல் மெஷின். வெளியே கொடியில் ஒரு பனியன் காய்ந்துகொண்டிருந்தது. தோள்பட்டையில் ஓட்டை.

அழகான படம், என்று முதலில் நினைத்தார். பிறகு தோள்பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் எழுந்தார்.

ஜன்னலறையில் அவள் தலைநிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன்.

"இது மோசடி!"

"எதுங்க மோசடி? கணக்கு ஆரம்பிச்சேன். கோரிக்கை அனுப்பினேன். நீங்க செஞ்சீங்க."

"என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே!"

மெஷின் நின்றது. வெளிச்சம் அவள் கையிலிருந்த துணியில் சற்று நேரம் தங்கியது.

"சொன்னேனே," என்றாள்.

நிறுவனர் ஜன்னலைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். பேச்சை மாற்றப் பார்த்தார்.

"அப்போ அந்தக் கல்யாணப் படம்?"

"நம்மளதுதான். பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு," என்றார், தன்னை மறந்து நெஞ்சை நிமிர்த்தி. உடனே கோபம் ஞாபகம் வந்தது. "உன் கணக்கை இப்பவே மூடுறேன் பாரு!"

"மூடுங்களேன். அப்புறம் நீங்க எதுக்கு நிறுவனர்?"

விறுவிறுவென்று தன் நாற்காலிக்குத் திரும்பினார். கணக்கை மூடும் பொத்தானின்மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. டிங் என்று சத்தம். புதிய கோரிக்கை.

'நடையில் பல்பு இன்னும் சிமிட்டுகிறது. குளியலறைக் குழாயும் சொட்டுகிறது. அவசரம். இப்படிக்கு, சிட்டுக்குருவி.'

நிறுவனர் பெருமூச்சு விட்டார். ஸ்பேனரைத் தேடி எடுத்தார். எழுந்து போவதற்கு முன், கை தானாகவே பதிலைத் தட்டியது: 'எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி.'