ரோவீனாவின் விரலுக்கு இளகிய விசை

இந்த வருஷம் எல்க் மானை வீழ்த்தியே தீருவது என்று செப்டம்பரிலேயே சபதம் எடுத்துவிட்டேன். பதினோரு வருஷமாக எங்கள் மலை மான்களுக்கு என்னைத் தெரியும். நான் சுட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். மறுபடி மேயப் போய்விடும். குற்றம் என்னுடையதல்ல. என் லீவர் ரைஃபிளில் சுட விரலால் இழுக்கிற விசை அவ்வளவு கெட்டி. அதை இழுத்து முடிப்பதற்குள் குழல் பக்கத்து மாவட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடும்.

இன்னொரு சின்னச் சிக்கல். அரசாங்கக் குலுக்கலில் எனக்கு எல்க் வேட்டை பர்மிட் விழவில்லை. வாய்ப்பு கூடட்டுமே என்று என் மனைவி ரோவீனா பேரிலும் நானே விண்ணப்பம் போட்டிருந்தேன். அவளுக்கு விழுந்துவிட்டது. பர்மிட் யார் பேரிலோ அவர்தான் சுட வேண்டும் என்பது சட்டம். அவள் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து காப்பி குடிக்கட்டும், சுடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது என் திட்டம்.

துப்பாக்கியைக் கண்டாலே முகம் சுளிக்கிறவள், அந்த வாரம் நான் வேலை செய்யும் ஷெட்டுக்கே ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்தாள்.

“என்னங்க, அந்த விசையைக் கொஞ்சம் லேசாக்கினா என்ன?”

“உனக்கெதுக்கு விசையைப் பத்தி?”

“நீங்க கஷ்டப்படறீங்களேன்னுதான்.”

எனக்குப் பகீரென்றது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் கஷ்டப்படுவதைப் பார்த்து அவள் வருத்தப்பட்டதே இல்லை.

ஆனாலும் ரைஃபிளைப் பிரித்தேன். உள்ளே ஒன்றோடொன்று உரசுகிற இடங்களைக் கல்லில் மெருகேற்றினேன். மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசை விசையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். ஒன்பது பவுண்டாக இருந்த இழுவை ஆறாகியிருந்தது. மறுநாள் காலை முட்டை பொரித்துக்கொண்டே ரோவீனா சொன்னாள்:

“இன்னும் கெட்டியாத்தாங்க இருக்கு.”

“நீ எப்போ இழுத்துப் பார்த்தே?”

“தூசி தட்டறப்ப விரல் பட்டுச்சு.”

“தூசி தட்டறவ விசைக்குள்ள எதுக்கு விரலை விடறே?”

“தூசி அங்கேதானே இருந்துச்சு!”

ரைஃபிளை விற்கப் போகிறாளோ? செவ்வாய்தோறும் போர்வை தைக்கிற வகுப்பு என்று வேறு போய்வந்தாள். ஆறு வாரமாகியும் வீட்டுக்கு ஒரு கைக்குட்டைகூட வந்து சேரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு வெல்டனைப் பிடித்து விசாரித்தேன். அவன் மனைவியும் அதே வகுப்புதான்.

“போர்வையா? ஆமாப்பா, ஆமா. ரோவீனா பிரமாதமா தைக்கிறாளாம். எல்லாம் நட்டநடுவுல விழுதாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“உண்மையைச் சொல்லு ரோவீனா. ரைஃபிளை விக்கப் போறியா?”

“ஐயோ, சத்தியமா இல்லைங்க. அது எங்கேயும் போகாது.”

விசையை இன்னும் இளக்கி நாலு பவுண்டுக்குக் கொண்டுவந்தேன். காலி ரைஃபிளை வாங்கி, சுவரைப் பார்த்து ஒருமுறை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “இதுதாங்க பதம்,” என்றாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

சீசன் தொடங்கிய காலை ரெண்டு பேரும் மலையேறினோம். அவள் பிக்கப்பில் உட்காரவில்லை. ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மேட்டைத் தாண்டியதும் நூறு கஜத்தில் கொம்பும் தானுமாக ஒரு எல்க் கடா நின்றது. ரைஃபிளைத் தூக்கினேன்.

“கொடுங்க.”

“என்னது?”

“பர்மிட் என் பேர்லதானே இருக்கு? கீழே வேட்டை அதிகாரி வண்டி நிக்குது பாருங்க. செவ்வாய்தோறும் எங்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.”

கொடுத்தேன். ஒரே குண்டு. கடா நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

“உங்க கைவேலை வெண்ணெய் மாதிரி இருக்குங்க,” என்றாள்.

கல்யாணமாகி முதல் பாராட்டு. என் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சில் ஒரு கத்தியையும் நாலு இறைச்சிச் சாக்குகளையும் வைத்துவிட்டு அவள் இறங்கத் தொடங்கினாள்.

“நம்ம வண்டி ரெண்டு மைல்தாங்க. கறியைச் சுமந்தா ஆறு நடையில முடிஞ்சிடும்.”

எட்டு நடை ஆயிற்று.