ஆஃப்சைடு அனுப்பிய மனு

மனு ஒன்று வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை, முப்பது நாளுக்குள் பதில். இதுதான் விதி. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டிய நான் இந்த விதியைப் பலருக்கு ஒப்பித்திருக்கிறேன். கடைப்பிடித்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஆனால் நடுக்கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டின் கால்பந்துச் சங்கத்தையும் இந்த விதி கட்டுப்படுத்தும் என்று நம்பிய ஒரே மனிதர், உலகத்திலேயே, எங்கள் ஊர் ஆஃப்சைடுதான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. விளாத்திகுளம் சாலையில் உள்ள எடைமேடையில் லாரிகளை எடை போடுவது அவர் வேலை. லாரியின் பின்சக்கரம் இரும்புத் தகட்டைவிட்டு ஒரு சாண் வெளியே நின்றாலும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கையைத் தூக்கி "ஆஃப்சைடு!" என்று கத்துவார். டிரைவர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பிறகு அந்தக் கை எடைமேடையோடு நிற்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளைக்கு முன்னால் இலையில் உட்கார்ந்த பெண்வீட்டுப் பெரியவருக்கும் கை தூக்கினார். அந்த இரண்டு குடும்பங்களும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். இங்கே பிறக்கிற குழந்தையின் தொட்டிலில் மட்டையைப் போடுவார்கள் என்பது மிகை, ஆனால் கொஞ்சம்தான் மிகை. இப்படிப்பட்ட ஊரில் எடைமேடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கோலுக்குச் சவுக்குக் கம்பங்களை நட்டு, மூட்டை தூக்குகிறவர்களைச் சேர்த்து, கால்பந்து அணி ஒன்றை நடத்தினார் ஆஃப்சைடு. கரிசல் மண். மழை பெய்தால் ஆளுக்கு மூன்று கிலோ மண் காலோடு வரும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது.

ஒருநாள் காலை, நான் பல் துலக்கி முடிப்பதற்குள் வந்து நின்றார்.

"சார், ஒரு மனு எழுதணும். வெளிநாட்டுக்கு."

"யாருக்கு வே?"

"நேத்து டிவில ஏழு கோல் வாங்குனாம்லா, அந்தத் தீவுக்காரனுக்கு. பாவமா இருக்கு சார். அந்த நாட்டு ஜனம் மொத்தமும் நம்ம தாலுகா வாக்காளர் பட்டியல்ல பாதிகூட வராது. ஆனா பெரிய நாட்டுக்காரன் மாதிரி ஆடப் பாக்கான். அதான் தப்பு."

"வேற எப்படி ஆடணுங்கீரு?"

"ஆஃப்சைடு எங்க கிடையாதோ, அங்கதான் சின்ன நாடு பிழைக்கணும்."

எதிரணியின் காவலாட்களைத் தாண்டி கோல் பக்கம் நின்றுகொண்டு பந்தை வாங்கினால் ஆஃப்சைடு, அது செல்லாது. ஆனால் கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி உள்ளே எறிகிறார்களே, அந்த த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு கிடையாது. கோல் வாசலிலேயே ஆளை நிறுத்திக்கொள்ளலாம். ஆஃப்சைடு கண்டுபிடித்த ரகசியம் இதுதான்.

"அம்புட்டு தூரம் எறிய ஆளு வேணுமே?"

"தீவுன்னா துறைமுகம் இருக்கும்லா? மூட்டை தூக்குதவன் இல்லாமலா போவான்? லாரிக்கு மேல மூட்டைய வீசுதவனுக்குப் பந்து எம்மாத்திரம்!"

அரசாங்கத் திட்டங்கள் பலவற்றைக் கோப்பில் கட்டிவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றில் பாதிக்கு இந்த அளவு யோசனை செலவாகியிருக்காது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அவர் எழுதிவந்த மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். முதல் தடவை 'பொருள்' இல்லை. இரண்டாம் தடவை கையெழுத்து இல்லை. மூன்றாம் தடவை, மைதானத்தில் தூவிக்கொள்ள ஒரு மூட்டை கரிசல் மண் அனுப்பத் தயார் என்று சேர்த்திருந்தார். மண் ஏற்றுமதிக்கு எந்தெந்தத் துறையின் சான்று வேண்டும் என்று விளக்கி, அந்தப் பத்தியை அடித்தேன். பிறகு நானே ஆங்கிலப்படுத்தி, பதில் வரவேண்டிய முகவரியாக என் வீட்டைப் போட்டு அனுப்பினோம்.

சேதி எடைமேடை முதலாளியின் காதுக்குப் போனது. அவர் ஏற்கெனவே கம்பங்கள் நின்ற இடத்தின் மேல் கண்வைத்திருந்தார்.

"மாசி பிறந்தா மிளகா லாரி வரிசை கட்டும். எனக்கு அந்த இடம் வேணும் வே."

"தீவுலருந்து பதில் வரும் முதலாளி. அவியளே நம்ம யோசனைய எடுத்துக்கிட்டாவன்னா, நீங்க கம்பத்தப் பிடுங்குததுல அர்த்தம் உண்டா?"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி வே. தை முடியுததுக்குள்ள ஒத்த வரி பதில் வரட்டும். கம்பம் இருக்கட்டும், லாரிய நான் ரோட்டோரம் நிப்பாட்டுதேன். வரலைன்னா கம்பம் அடுப்புக்கு. பதில் வந்த தேதிய சாரே எழுதிக் குடுக்கட்டும். அவிய பொய்த்தேதி போட மாட்டாவ."

அன்றிலிருந்து ஆஃப்சைடு தினமும் தபால் நேரத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவார். முப்பது நாள் போனது. நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினோம். பிறகு இரண்டு. வழியில் ஹாக்கிக்காரர்கள் விடமாட்டார்கள்: "என்ன ஆஃப்சைடு, தீவுலருந்து கப்பல் கிளம்பிட்டா?"

அவர் அசரவில்லை. "ஏலே சிலுவை, எறில!" என்று சாயங்காலம்தோறும் பயிற்சி நடந்தது. சிலுவை அந்த அணியிலேயே பெரிய உடம்பு. ஒருநாள் அவன் எறிந்த பந்து கோலைத் தாண்டி, கூண்டைத் தாண்டி, மேடையில் நின்ற பருத்தி லாரியின் உச்சியில் விழுந்து மதுரைக்குப் போய்விட்டது. மறுநாள் திரும்பி வந்த லாரியை ஆஃப்சைடு வணக்கம் போட்டு வரவேற்றார். "பாத்தீங்களா சார், வெளியூர் வரைக்கும் எறியுதான்!"

தை முடிந்தது. பதில் வரவில்லை.

மாசி முதல் தேதி காலையில் அவரே கடப்பாரையோடு கம்பத்தடியில் நின்றார். முதலாளி திருச்செந்தூர் போயிருந்தார்.

"விதி விதிதான சார். தேதி தாண்டிட்டு" என்றார்.

"எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாம எதையும் அகற்றக்கூடாது வே. முதலாளி வரட்டும்" என்றேன். சவுக்குக் கம்பத்துக்கு அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள், வழக்கம்போல என் வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தபால்காரர் சைக்கிளைவிட்டு இறங்குகிற ஜாதி இல்லை. சுற்றுச்சுவருக்கு வெளியிலிருந்து ஒரு உறை பறந்து வந்து துவைக்கிற கல்லில் விழுந்தது. மீன் படம் போட்ட அயல்நாட்டு ஸ்டாம்பு.

வாசித்துத் தமிழில் சொன்னேன். "உங்கள் கடிதத்தை எங்கள் பயிற்சியாளர் வீரர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எறிந்து பார்த்தார்கள். எங்கள் கோல்கீப்பர் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறார். அவர் எறிந்த பந்தைக் கடலில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நன்றி."

ஆஃப்சைடு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "சிலுவைட்ட சொல்லணும் சார்" என்று வாசல்வரை போனவர் அப்படியே நின்றார்.

"இன்னைக்கு மாசி மூணு சார்." கை தானாகவே பாதி உயர்ந்துவிட்டது. "ஆஃப்சைடு."

"இங்கன வாரும். இந்தக் காயிதம் எப்படி வந்துச்சு?"

"சுவத்துக்கு வெளிய நின்னு எறிஞ்சாரு."

"வெளிய இருந்து உள்ள எறிஞ்சா அதுக்குப் பேரு என்ன வே?"

யோசித்தார். "த்ரோ-இன்."

"அதுக்கு?"

கை மெல்லக் கீழே இறங்கியது.

முப்பத்தாறு வருடத்தில் ஒரு தாளில்கூட நான் முன்தேதி போட்டதில்லை. போடச் சொன்ன இரண்டு அதிகாரிகளிடம் சண்டை போட்டு இடமாற்றம் வாங்கியிருக்கிறேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உறையின் மூலையில் நிறுத்தி எழுதினேன்:

'பதில் கிடைத்த நாள்: தை மாதக் கடைசி நாள், முற்பகல்.'