கப்பல் விளக்கைத் திருடியவர்

"போர் நல்லாத்தான் இருக்குடி. ஏசிதான் பத்தல."

கடற்போர் அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்த ஒரு பெண் கைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். வாசல் பெஞ்சில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த கிழவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"உங்க போர்ல ஏசியே இல்லைன்னு உள்ளே போய்ச் சொல்லிடாதீங்க. வாங்க," என்றாள் அவள்.

கிழவர் விமானம் தாங்கிக் கப்பலில் மெக்கானிக்காக இருந்தவர். பெட்டியில் இருந்தது அவருடைய பொருள் அல்ல, சிநேகிதனுடையது. போர்க்காலத்தில் ஒருநாள், மூடுபனியில் தளம் தெரியாமல் விமானங்கள் வட்டமடித்தபோது, அந்தச் சிநேகிதன்தான் கைவிளக்கோடு தளத்தின் முனையில் நின்று ஒவ்வொன்றாக இறக்கினான். கடைசி விமானம் சறுக்கிவந்து அவனை அடித்துக்கொண்டு போனது. விளக்கு மட்டும் மிஞ்சியது; அதுதான் இந்தப் பெட்டியில் இருந்தது. அருங்காட்சியகச் சுவரில் விமானிகளின் பெயர்களெல்லாம் பொன்னெழுத்தில் மின்னின. விளக்குப் பிடித்தவன் பெயர் எங்குமே இல்லை. தான் போய்ச்சேர்வதற்குள் அந்தப் பெயரை அங்கே ஏற்றிவிட வேண்டும் என்பது கிழவரின் ஒரே பிடிவாதம்.

காப்பாட்சியர் மாலுமி போல நீலக்கோடு போட்ட பனியன் அணிந்திருந்தார். அவர் ஏறிய ஒரே கப்பல் பூங்காவில் மிதிக்கிற படகு. மேசைமேல் நெளிந்துபோன தகரக் குவளையில் காப்பி. இந்தக் குவளைகளுக்கு இப்போது பெரிய கிராக்கி; புதிதாகச் செய்து, சுத்தியலால் தட்டிப் பழசாக்குகிறார்கள்.

கிழவர் பெட்டியிலிருந்து விளக்கை எடுத்து வைத்ததும் காப்பாட்சியர் கேட்டார்: "ஒரிஜினலா ஐயா?"

"ஒரிஜினல்தான் தம்பி. அன்னைக்கு விளக்குப் பிடிக்கச் சொல்லி வந்த உத்தரவுத் தாளும் இருக்கு."

தாளில் 'இரகசியம்' என்ற முத்திரையைக் கண்டதும் காப்பாட்சியர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மடிங்க ஐயா, மடிங்க! படிச்சா என் வேலை போயிடும். இது கப்பல் சொத்து. வெளியே வந்திருந்தா அது திருட்டு."

"கப்பலையே உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களே!"

"அது முறைப்படி டெண்டர் விட்டதுங்க."

"அப்போ போலின்னே வச்சுக்கோங்க," என்றாள் மனைவி.

"போலியை இங்கே வைக்க முடியாதும்மா. கீழே கடையில வேணா வைக்கலாம்."

காப்பாட்சியர் இரக்கமுள்ளவர். ஒரு வழி கண்டுபிடித்தார். 'மீட்கப்பட்ட அரசுடைமைகள் மண்டபம்' கட்டி முடித்து, திறக்க அமைச்சரையும் அழைத்தாகிவிட்டது. உள்ளே வைக்கத்தான் எதுவும் சிக்கவில்லை.

"நான் திருடினேன்னு எழுதிக் குடுங்க, நாங்க மீட்டுடறோம். வயசைப் பார்த்து மன்னிச்சும் விட்டுடுவோம். என்ன, சட்டையில குத்தியிருக்கிற போர்ப் பதக்கத்தைத் திருப்பிக் குடுக்கணும். திருடங்க பதக்கம் வச்சுக்க விதியில்லை."

"எழுந்திருங்க!" மனைவி கொதித்தாள். "பேரன் எடுத்த வயசுல திருட்டுப் பட்டமா?"

கிழவர் எழவில்லை. "அதுல அவன் பேரை எழுதலாமா தம்பி?"

"வீரர் விண்ணப்பத்துல அதுக்கு இடமில்லை. திருட்டு விண்ணப்பத்துல இருக்கு. 'யாரிடமிருந்து?' கட்டாயம் நிரப்பணும்."

கிழவர் சட்டையிலிருந்த பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். காப்பாட்சியர் சொல்லச் சொல்ல, 'மேற்படி கப்பலின் மேற்படி விளக்கை மேற்படி நான்' என்று எழுதினார்.

விழாவன்று, அசல் விளக்கு அசலாக இருந்த குற்றத்துக்காகப் பாதுகாப்பு அறைக்குப் போய்விட்டது. பேழையில் கீழே கடையிலிருந்து கொண்டுவந்த போலி விளக்கு வீற்றிருந்தது. அதற்குமேல் ஆளுயரத்தில் கிழவர் படம். 'திருடர்' என்று மரியாதை விகுதியோடு. கீழே எறும்பு அளவில் சிநேகிதன் பெயர்.

கூட்டம் அலைமோதியது. விமானிகள் மண்டபத்தில் காவலாளி மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"திருடரே நேர்ல வந்திருக்காருடா! தாத்தா, ஒரு செல்ஃபி! கொஞ்சம் திருட்டு முழி முழிங்களேன்!"

கிழவர் கையைக் கட்டிக்கொண்டார். "கீழே ஒரு பேர் இருக்கு. அதை வாய்விட்டுப் படிக்கிறவங்களோடதான் நிப்பேன்."

சலசலப்பு. "யாருடா அது?" "யாரோ. படிச்சாத்தான் படமாம், படிச்சுத் தொலை!"

வரிசையை விலக்கிக்கொண்டு அமைச்சர் வந்து கிழவரின் தோளில் கைபோட்டார். புகைப்படக்காரர் தயாரானார். கிழவர் விலகி நின்றார்.

"ஐயா, அமைச்சரையுமா படிக்கச் சொல்றீங்க?" காப்பாட்சியர் பதறினார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே தம்பி," என்றாள் மனைவி.

அமைச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேழைமுன் முட்டிபோட்டுக் குனிந்து, அந்தப் பெயரை உரக்கப் படித்தார்.